நல்லா வந்தது மட்டும்

எங்கள் வீட்டுத் துரைக்கு அப்போது மூன்று வயது முடிந்து நாலு மாதம். துரை என்பது பெயர் இல்லை, பட்டம். தாகம் எடுத்தால் கேட்கமாட்டார், பசித்தால் சொல்லமாட்டார், கூப்பிட்டால் திரும்பமாட்டார். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ துரைக்கு?" என்று என் நாத்தனார் ஒருநாள் கேட்டாள், அதுவே நிலைத்துவிட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். ஆனால் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நாத்தனாரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் உண்டு. "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினான். பையன்னா லேட்டாத்தான் பேசும்" என்பாள். அந்த அப்பா இன்றைக்கும் ஒரு நாளில் நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அதை அவளிடம் சொல்ல முடியுமா? பையனுக்கு இரண்டு வயது தாண்டியதுமே அவன் பெயரை ஒரு பயிற்சி மையத்தில் பதிந்துவைத்தேன். பதிந்த பிறகு பதினாலு மாதம் காத்திருந்துதான் இடம் கிடைத்தது.

பேச்சு வராத, கை கால் சரியாக வளையாத, சத்தம் கேட்டாலோ துணி பட்டாலோ கூசிப்போகிற சின்னப் பிள்ளைகளுக்கான இலவச மையம் அது. இரண்டு டீச்சர், முப்பத்திரண்டு பிள்ளைகள். ஐந்து வயது வரைக்கும்தான் எடுப்பார்கள். ஒரு பிள்ளை வெளியே போனால்தான் இன்னொரு பிள்ளை உள்ளே வரலாம். எங்களுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை பதினொரு மணி, ஒரு மணி நேரம். நான் ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். அந்த ஒரு மணி நேரத்துக்காக வியாழன்தோறும் மதிய ஷிப்டுக்கு மாறி, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை விட்டுக்கொடுத்தேன்.

முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார்.

"வாரத்துக்கு ஒரு மணி நேரத்துல நான் ஒண்ணும் கிழிச்சிட முடியாதும்மா. மிச்ச நேரம் பூரா உங்க கையிலதான் இருக்கு. வீடுதான் பள்ளிக்கூடம்."

அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினார். சட்டை போடும்போது, "இதோ கை உள்ள போகுது, இதோ வெளிய வந்துடுச்சு" என்று நடப்பதை அப்படியே சொல்ல வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. உலர்ந்த பயறை அகலமான பாத்திரத்தில் கொட்டி, அதற்குள் கையை விட்டு அளைய விட வேண்டும். துணி கிளிப்பை அழுத்தித் திறந்து கொடியில் மாட்டச் சொல்ல வேண்டும், விரலுக்கு வலு வரும். ஈரத்துணி நிறைந்த கூடையைத் தள்ளவிட வேண்டும், கனமான வேலை செய்தால் உடம்பு அமைதியாகும். போர்வையில் சுருட்டி உருட்ட வேண்டும். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளைக் கத்தரித்துவிட வேண்டும், அது அவனுக்கு முள்.

கடைசியாகச் சொன்னார். "வாரம் ஒரு தடவை ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்புங்க. நல்லா வந்ததுதான் வேணும்னு இல்ல. என்ன நடக்குதோ அது. அழுதாலும் சரி, தூக்கி எறிஞ்சாலும் சரி."

நான் தலையாட்டினேன். 'என்ன நடக்குதோ அது' என்ற மூன்று வார்த்தையைத்தான் நாங்கள் காதில் வாங்கவில்லை.

மற்றதெல்லாம் செய்தேன், பொய் சொல்லவில்லை. நாள் முழுக்க ரேடியோ மாதிரி பேசினேன். "அம்மா வெங்காயம் உரிக்கிறேன், அம்மாவுக்குக் கண்ணு எரியுது, அம்மா மூக்கைச் சிந்துறேன்." பக்கத்து வீட்டில் இருந்தவள் எனக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். பத்து எண்ணுவதுதான் உயிர் போகிற வேலை. எனக்கு இருக்கிற பொறுமைக்கு மூன்று வந்ததுமே, அவன் கேட்காமலேயே எடுத்துக்கொடுக்கக் கை நீண்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். கூடையைத் தள்ளுவது துரைக்கு ஒரே குஷி. கூடத்திலிருந்து பின்கட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவான், திரும்பி வருவான். பயறுப் பாத்திரத்தில் முதலில் ஒரு விரல்கூட வைக்கமாட்டான். ஒரு மாதத்தில் முழங்கை வரைக்கும் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து மாடிப்படி ஏறப் பழகினான். இதெல்லாம் நிஜமாக நடந்தது. இதில் ஒன்றையும் நாங்கள் வீடியோ எடுக்கவில்லை.

"படி ஏறுறதை எல்லாம் எந்தப் பிள்ளையும்தான் ஏறும். பேசுறதைத்தான் பாப்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் கல்யாண வீடியோ எடிட்டர். யார் யாரோ அழுத அழுகை, தூங்கின தூக்கம், மாமனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, சிரிப்பை மட்டும் கோத்துக் கொடுப்பார். அவர் கை பட்ட கல்யாணத்தில் சண்டையே நடந்திருக்காது. ஸ்டுடியோவில் அவருக்கு நல்ல பெயர்.

முதல் வீடியோவை என் போனில் நான்தான் எடுத்தேன். தண்ணீர் டம்ளரை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போன். துரை வந்தான். உள்ளங்கையை வைத்துப் போனைக் கீழே அழுத்தினான். நான் தூக்கினேன். மறுபடியும் அழுத்தினான். "சும்மா இருடா, அம்மா எடுக்கிறேன்ல? தண்ணி சொல்லு, தண்ணி" என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான். நாலு நிமிஷம் வந்தது.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இதையா அனுப்பப் போறே? அவன் கையும் உன் கத்தலும்தான் தெரியுது. மானம் போயிடும்." உட்கார்ந்து நாற்பது விநாடிக்கு வெட்டினார். அந்த நாற்பது விநாடியில் துரை டம்ளரைப் பார்க்கிறான், அவ்வளவுதான். நன்றாக இருந்தது. 'ரொம்ப நல்லா பார்க்கிறான்' என்று டீச்சர் பதில் அனுப்பினார். எனக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து பொறுப்பு அவர் கைக்குப் போனது. ஸ்டுடியோவிலிருந்து ஸ்டாண்டும் வட்ட லைட்டும் வந்தன. ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி. காலர் வைத்த நல்ல சட்டை. அந்தக் காலர் அவனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். "பத்து நிமிஷந்தானே" என்று போட்டுவிட்டேன். பத்து நிமிஷம் ஒருநாளும் பத்து நிமிஷமாக இருந்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பிப்போம். ஒரு நாள் நாற்பத்திரண்டு தடவை எடுத்தோம்.

வார்த்தை வரவில்லை. ஆறாவது வாரம் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"தாகமா இருந்தாத்தான் கேப்பான். ஒரு மணி நேரம் தண்ணி காட்டாதே."

"பிள்ளையை வாட்டி வீடியோ எடுக்கணுமாங்க?"

"அவனுக்காகத்தானே பண்றோம்? எனக்கா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. எனக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது. அதனால் தண்ணீர்ச் சொம்பை எடுத்து மேலே வைத்தேன். அன்றைக்கு லைட்டைப் போட்டு, டம்ளரைத் தூக்கிப் பிடித்து, என் உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினேன். பதினேழாவது தடவை துரை வாயைத் திறந்து "தண்ணி தா" என்றான். கணீரென்று. நான் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை எடிட்டில் எடுத்துவிட்டார், சட்டை நனைந்திருந்ததாம்.

குடும்ப குரூப்பில் போட்டோம். நாத்தனார் இருபது பூ அனுப்பினாள். "நான் சொல்லலை?" என்று ஒரு செய்தி வேறு. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவளுக்கு மூன்று தடவை போட்டுக்காட்டினேன்.

அதற்குப் பிறகு லைட் எரிந்தால் துரை சொல்லிவிடுவான். "தண்ணி தா." பந்தைக் காட்டினால் "பந்து தா." கதவைக் காட்டினால் "கதவு தெற." ஆறு சொற்றொடர் சேர்ந்தது. என் உதடு அசைவதையும், வீட்டுக்காரர் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கும் தன் குரலையும் அழகாகப் பூசி மெழுகிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, பிள்ளை தானாக நடந்து வந்து தானாகக் கேட்பது மாதிரிதான் தெரியும்.

ஒரு நாள் காலையில் ஈரத் தலையோடு நான் குளியலறைக்குத் திரும்பிப் போனேன், சீப்பை மறந்துவிட்டேன் என்று. துரை அங்கே நின்றுகொண்டு, குழாய் முனையில் வாயை வைத்துச் சொட்டுகிற தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தான். நான் அதுவரை இரண்டடி தூரத்தில் அடுப்படியில்தான் இருந்தேன். என்னிடம் வந்து கேட்கவில்லை. அவனைப் பொறுத்தவரை "தண்ணி தா" என்பது லைட் எரியும்போது சொல்ல வேண்டியது. அதற்கும் தாகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வார்த்தை வந்துடுச்சுல்ல? இடம் பொருள் பாத்துப் பேசுறது போகப்போக வரும்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த ஞாயிறும் சட்டையை மாட்டிவிட்டேன். ஏன் செய்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பதில்தான் உண்டு: வாரத்தில் ஒரு தடவை, இரண்டு நிமிஷம், என் பிள்ளை பேசுகிற பிள்ளையாக இருந்தான். அதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மையத்தில் அவன் வாய் திறக்கவே இல்லை. "சில பிள்ளைங்க வீட்டுல பேசும், இங்க பேசாது. வீடுதான் முக்கியம்" என்று டீச்சரே சொன்னார். பிறகு ஒரு நாள், "உங்க வீடியோவை மத்த அம்மா அப்பாங்களுக்குக் காட்டலாமா? வீட்டுல எப்படிச் செய்யணும்னு புரியும்" என்று கேட்டார். நான் சரி என்றேன். வீட்டுக்காரர் அதற்கென்று தனியாக ஒன்று, மெல்லிய இசை எல்லாம் வைத்து, செய்துகொடுத்தார்.

ஏழாவது மாதம் முடிகிறபோது கடிதம் வந்தது. வீட்டில் தானாகக் கேட்கும் சொற்றொடர் மூன்று இருக்க வேண்டும், உங்கள் பிள்ளைக்கு ஆறு இருக்கிறது, இலக்கு எட்டப்பட்டுவிட்டது, மாதக் கடைசியோடு இடம் அடுத்த பிள்ளைக்குப் போகிறது, வீட்டுப் பயிற்சியைத் தொடரவும். வாழ்த்துகள் என்று வேறு போட்டிருந்தது.

"பாஸ்!" என்றார் வீட்டுக்காரர். அவர் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் முகம் மாறியது.

"போய் உண்மையைச் சொல்லிடலாங்க" என்றேன்.

"என்னன்னு சொல்லுவே? நாங்க ஏமாத்தினோம்னா?"

"ஆமா. ஏமாத்தினோம்னுதான்."

"நான் ஏமாத்தலை. நான் எடிட் பண்ணேன். எல்லாரும் பண்றதுதான். எவன் வீட்டுல பிள்ளை அழுறதை எடுத்து அனுப்புறான்?"

"டீச்சர் அதைத்தான் கேட்டாங்க."

அன்றைக்கு அவர் நாற்பது வார்த்தைக்கு மேல் பேசினார். நானும் விடவில்லை. உங்கள் தொழில் புத்தியை என் பிள்ளை மேல் காட்டினீர்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "லைட்டுக்கு முன்னாடி உக்காந்து உதட்டை அசைச்சது யாரு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். அப்படியே இரண்டு வாரம் போனது. வெட்கம்தான், வேறென்ன. அந்த இரண்டு வாரத்தில் மாதமும் முடிந்தது.

எடிட்டர்கள் எதையும் அழிக்கமாட்டார்கள். வெட்டி எறிந்தது எல்லாம் கம்ப்யூட்டரில் தேதி வாரியாக இருந்தது. ஒரு புதன்கிழமை அவர் ஸ்டுடியோ போன பிறகு எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். மறுநாள் வியாழன். துரையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, கூட்டிக்கொண்டே ஒன்பதரைக்கு மையத்துக்குப் போனேன்.

டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, எங்களை விட்டு இருக்க முடியலையா?"

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். லைட், காலர், தண்ணீர் காட்டாத ஒரு மணி நேரம், குழாய், எல்லாம். அவர் சிரிப்பு போய்விட்டது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குடுங்க" என்று கை நீட்டிப் பென் டிரைவை வாங்கினார்.

துரை நேராகப் போய் மூலையில் தொங்குகிற துணி ஊஞ்சலுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டான். அந்த ஊஞ்சல் என்றால் அவனுக்கு உயிர். டீச்சர் முதல் ஃபைலைப் போட்டார். நான் எடுத்த நாலு நிமிஷம். பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து போட்டார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க பாருங்க. என்ன பண்றான்?"

"போனைத் தள்ளுறான் மேடம். எப்பவும் அப்படித்தான், எடுக்கவே விடமாட்டான்."

"கையைப் பாக்காதீங்க. கண்ணைப் பாருங்க."

பார்த்தேன். போனைக் கீழே அழுத்திவிட்டு அவன் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்க்கிறான். நேராக, என் கண்ணை. நான் போனைத் தூக்குகிறேன். மறுபடி அழுத்திவிட்டு மறுபடி என் கண்ணைப் பார்க்கிறான். நான் எடுத்த வீடியோதான். அன்றைக்கு நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூப்பிட்டா திரும்பாத பிள்ளைன்னு எழுதியிருக்கேன் நான், என் ஃபைல்ல" என்றார் டீச்சர். "இதைவிடத் தெளிவா ஒரு பிள்ளை எப்படிக் கேக்கும்? இதை எடுத்து வைம்மா, என்னைப் பாருன்னு கேக்குறான். வார்த்தைக்கு முன்னாடி வர்றது இதுதான். இது வருதான்னு பாக்கத்தான் நான் வீடியோ கேட்டேன்."

அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபைலாக வேகமாக ஓட்டினார். முதல் வாரம் ஒன்பது தடவை. இரண்டாவது வாரம் ஸ்டாண்டைப் பிடித்து இழுத்துவிட்டு என்னைப் பார்க்கிறான், ஆறு தடவை. நாலாவது வாரம் இரண்டு. ஆறாவது வாரம், அந்தத் "தண்ணி தா" வந்த வாரம், ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு ஒரு ஃபைலிலும் இல்லை. நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, லைட்டைப் பார்த்தபடி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறான்.

"கேட்டுப் பாத்தான். யாரும் பதில் சொல்லலை. நிறுத்திட்டான்" என்றார் டீச்சர்.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், என் பிள்ளை என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறான் என்று. பார்த்த பார்வையை எல்லாம் உட்கார்ந்து வெட்டியது நாங்கள்.

"நானும் பாத்திருக்கணும்" என்றார் டீச்சர். "இங்க ஒரு வார்த்தை பேசாதவன் அங்க ஆறு பேசுறானேன்னு வீட்டுக்கு ஒரு தடவை வந்து பாத்திருக்கணும். முப்பத்திரண்டு பிள்ளைங்க. நல்லா வருதுன்னு தெரிஞ்சதும் உங்களை விட்டுட்டு மத்தவங்களைப் பாத்தேன்."

"அப்போ திருப்பிச் சேத்துக்குங்க மேடம். இன்னைக்கே."

"இடம் திங்கக்கிழமையே குடுத்தாச்சும்மா. ஒரு பொண் குழந்தை. மூணு வயசு."

"ஒரு மணி நேரம் வேணாம். அரை மணி. கால் மணி."

"யாரோட கால் மணியை எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லியிருப்பேன். யாருடையதை வேண்டுமானாலும் எடுத்துக்கொடு, எனக்கென்ன என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் விண்ணப்பத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். மறுபடி பதியலாம், பதினாலு மாதம் ஆகும் என்றார். துரைக்குப் போன வாரம்தான் நாலு முடிந்தது. கணக்குப் போட டீச்சர் தேவையில்லை, எனக்கே தெரிந்தது.

"அஞ்சு தாண்டினா எடுக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டோம். எனக்கு அந்த அதிகாரம் இல்ல. வீட்டுல செய்யுங்க. கேமரா இல்லாம. அவன் பின்னாடி போங்க, அவன் என்ன செய்றானோ அதைச் செய்யுங்க. மறுபடி பாப்பான். எப்போன்னு என்னால சொல்ல முடியாது."

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஊஞ்சலிலிருந்து துரையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் போட்டிருந்த பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடை யூனிபார்ம், மடியில் ஒரு குழந்தை, காதைப் பொத்திக்கொண்டு. அந்தத் திங்கட்கிழமைக் குழந்தை இதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் துரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அக்கா, இது அந்த வீடியோல வர்ற தம்பிதானே? தண்ணி தா, தண்ணி தா!"

துரை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களைப் பாக்கணும்னு இருந்தேங்க்கா. திங்கக்கிழமை சேர வந்தப்போ எங்களுக்கு டீச்சர் காட்டினாங்க. என் வீட்டுக்காரர் அதைப் பாத்துட்டுத்தான் ஸ்டாண்டே வாங்கினாரு. நீங்க எத்தனை நாள்ல பேச வச்சீங்க?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நல்ல காரியமாவது செய்வோம் என்று நினைத்தேன்.

"இங்க பாருமா. அந்த வீடியோ பொய். வெட்டி ஒட்டினது. இவன் பேசலை. அந்த ஸ்டாண்டைத் தூக்கி எறி. பிள்ளை போனைத் தள்ளினா போனை வச்சிட்டு அது மூஞ்சியைப் பாரு. நாங்க பண்ணதைப் பண்ணாதே."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க பையனோட இடம்தான் எங்களுக்குக் கிடைச்சுதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஆமா."

"அதுக்காக இப்படிச் சொல்றதாக்கா? உங்க பிள்ளைக்கு ஆயிடுச்சு. என் பிள்ளைக்கு ஆகட்டுமேன்னு நினைக்க வேணாமா? வயித்தெரிச்சல் பட்டா எங்களுக்கு எப்படி வெளங்கும்?"

"வயித்தெரிச்சல் இல்லமா, சத்தியமா சொல்றேன்."

"நான் என் கண்ணால பாத்தேங்க்கா. அவ்வளவு அழகாக் கேக்குறான். அது எப்படிப் பொய்யாகும்?"

என் வீட்டுக்காரர் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார். அதோடு அவள் சொன்னதும் முழுப்பொய் இல்லை. அவள் மடியில் இருந்த குழந்தையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

கதவு திறந்தது. டீச்சர் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தாயும் பிள்ளையும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். துரை வாசல் பக்கம் வரவில்லை. மூடின கதவுக்கு முன்னால் போய் நின்றான். பதினொரு மணி என்றால் உள்ளே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், ஏழு மாதமாகப் போனவன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு போனான். கதவின் கைப்பிடி மேல் என் உள்ளங்கையை எடுத்து வைத்தான். வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்தான்.

எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் ஒன்றைக் கேட்கிறான். லைட் இல்லை, டம்ளர் இல்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. இதைத் திற என்று கேட்கிறான்.

தட்டினால் டீச்சர் திறந்திருப்பார். உள்ளே அந்தக் குழந்தையின் ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"முடியாதுடா கண்ணு" என்றேன். "அது இனிமே நம்ம ரூம் இல்ல."

கையை எடுத்தேன். அவன் மறுபடியும் பிடித்து வைத்தான், மறுபடியும் பார்த்தான். நான் மறுபடியும் எடுத்தேன். மூன்று தடவை வைத்தான். மூன்று தடவையும் கையை எடுத்தது நான்தான்.

நாலாவது தடவை அவன் வைக்கவில்லை.